மலையேற்றும் தாளம்

அன்புள்ள பாபு,

உன் கடிதத்தை வாசற்படியில் நின்றபடியே படித்தேன். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இன்னொரு முறை படித்தேன். அதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துணி மடிக்க எடுத்தேன், பாதியில் வைத்துவிட்டேன். உன் அறையைப் பெருக்கினேன். பெருக்கி முடித்த பிறகுதான் எதற்காகப் பெருக்கினேன் என்று உறைத்தது. நீ திரும்பி வருகிறேன் என்று எழுதியதைப் படித்ததும் என் கை தானாகத் துடைப்பத்தை எடுத்திருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் உன்மேல் இல்லை, துடைப்பத்தை எடுத்த கையின்மேல்.

பம்பாய் ஓட்டலில் உங்கள் பேண்டு வாசித்த மூன்று மாதமும் அவர்களுக்குப் பிடித்துப்போய், இப்போது ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் கேட்கிறார்கள் என்கிறாய். டெரிக்கும் மற்றவர்களும் கையெழுத்துப் போட்டாயிற்று, நீ மட்டும் போடவில்லை, மாதக் கடைசியில் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்கிறாய். ஏன் என்பதற்கு ஒரே ஒரு வரி. “ஆடிக்கு நான் அங்கே இல்லாமல் சரிப்படாதும்மா.” கடைசியில் ஒரு வேண்டுகோள்: அம்மன் கோயிலில் இந்த வருஷம் உனக்கென்று எடுத்துவைத்த காப்புக் கயிற்றைத் தபாலில் அனுப்ப வேண்டும், திருவிழா முடிந்திருந்தாலும் பரவாயில்லை, கையில் கட்டிக்கொண்டால்தான் மனது நிற்கும். கயிறு இதோ என் எதிரே இருக்கிறது. மஞ்சள் காய்ந்து, வேப்பிலை சுருண்டு, சாமி படத்துக்குக் கீழே கிடக்கிறது. அதை என்ன செய்யப் போகிறேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இதை ரகசியமாக எழுதவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். “இன்னாக்கா, பேப்பர் பேப்பரா எழுதிக்கினே போற? தபால்காரன் முதுகு ஒட்ஞ்சிடப் போவுது” என்றாள். முடித்ததும் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் விடமாட்டாளாம். உன் அப்பா பாடி கம்பெனியிலிருந்து ஷிப்டு முடிந்து வந்து கட்டிலில் படுத்திருக்கிறார். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு என் பேனாச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் கடிதத்தைப் படித்துக்காட்டியபோது அவர் சொன்னது இதுதான்: “வரட்டுமே. கம்பெனில சொல்லி வெக்கிறேன். லேத்து முன்னாடி எந்தப் பொம்பளையும் எய்ந்து ஆடமாட்டா. நிம்மதியா கீலாம்.” அவருக்கும் நீ வந்தால் சந்தோஷம்தான். எனக்கும்தான். அதுதான் இதில் இருக்கிற கஷ்டம்.

உனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் நீ எல்லாவற்றையும் வெளியில் நின்று பார்த்தவன். உள்ளேயிருந்து எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. கூச்சம் இரண்டு பேருக்கும்.

நான் கணக்காக இருக்கிறவள். பால், அரிசி, மண்ணெண்ணெய் என்று எதுவாக இருந்தாலும் அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும், மாதக் கடைசியில் நேராக வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததில்லை. என்னைப் பெற்றவர்கள் கண்டவர் கழனியில் நாற்று நட்டவர்கள், என்னையும் கூடவே இழுத்துப்போனார்கள். நீ சிலேட்டில் எழுதியதைப் பார்த்துத்தான் நான் எழுதப் பழகினேன். உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டேன். அப்புறம் தெருவில் கூழ் ஊற்றுவதற்கு வசூலாவதெல்லாம் என் கைக்கு வந்தது. கணக்கு என்னிடம் இருந்தால் சண்டை வராது என்று பூசாரியே சொன்னார். இப்படிப்பட்டவளுக்கு வருஷத்தில் ஒரு நாள் எண்ணிக்கை கை நழுவும். ஆடி மாதக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. அம்மனை வர்ணித்துக்கொண்டு பம்பைக்காரர்கள் தெருமுனை திரும்புகிறபோது முதலில் உள்ளங்கால் குளிரும். நான் விடாமல் எண்ணிக்கொண்டிருப்பேன். பானைகளை எண்ணுவேன், வந்த பெண்களை எண்ணுவேன். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. பிறகு எண் வரிசை தப்பும். அப்புறம் ஒன்றும் தெரியாது. யார் யாருக்கு என்ன குறி சொன்னேன், எப்படி ஆடினேன் என்பதெல்லாம் கன்னியம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆனால் திரும்பி வருவது மட்டும் எனக்குத் தெரியும். இருட்டில் மாடிப்படி இறங்குகிறவள் ஒவ்வொரு படியாகக் காலால் தேடுவாள் இல்லையா, அப்படித்தான். பம்பை ஒவ்வோர் அடியாக வேகம் குறைய, படி கிடைக்கும், கால் வைப்பேன். அடுத்தது கிடைக்கும், கால் வைப்பேன். தரை வந்ததும் சாமி மலையேறிவிட்டது என்று விபூதி பூசுவார்கள். நடுவில் படி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ ஐ.டி.ஐ. சேர்ந்த வருஷம் அதுதான் நடந்தது. சாமியை வரவழைக்க எல்லாப் பம்பைக்காரருக்கும் தெரியும், மலையேற்றும் பொறுமை எல்லோருக்கும் கிடையாது. ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு செட்டு கோயில் கோயிலாக ஒப்புக்கொண்டிருக்கும். “அடுத்த கோயில்ல கரகம் எறக்கணும், ஆட்டோ நிக்குது” என்று சட்டென்று நிறுத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் நின்ற நிலையில் கீழே விழுந்து, பல் கிட்டி, உடம்பு தூக்கிப்போட்டதாம். உன் அப்பா வைத்தியரைக் கூப்பிட ஓடினாராம். நீ கூழ் அண்டாவின் மூடியைத் தூக்கி மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கரண்டிக் காம்பால் அவர்கள் விட்ட இடத்திலிருந்து அதே அடியை அடித்தாயாம். என் கால் அசைய ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தாயாம். நான் கண் திறந்தபோது உன் சட்டை முழுக்கக் கூழ். “இவனுக்கும் ஒரு காப்பு எட்த்து வெய்யுங்க” என்று பூசாரி சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் உன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பம்பைக்காரர்கள் ஏற்றுவார்கள், ஆட்டோ ஏறிப் போவார்கள், நீ இறக்குவாய்.

அந்தக் கையை வைத்துத்தான் நீ பிழைக்கப் போகிறாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அம்பத்தூர் மெல்லிசைக் குழுவோடு கல்யாண ரிசப்ஷன்களுக்கு ட்ரம்ஸ் வாசிக்கப் போனபோதும் சின்ன வயது ஆசை என்று விட்டேன். அப்புறம் அவர்கள் ரிதம் பாக்ஸ் வாங்கினார்கள். பட்டனைத் தட்டினால் தானே வாசிக்குமாம், சாப்பாடு கேட்காதாம், பஸ் காசு கேட்காதாம். நீ இரண்டு குச்சியோடு வீட்டுக்கு வந்தாய். “வேலைல இருந்து தூக்கிட்டாங்களா?” என்று அப்பா கேட்டார். நீ நேரே சமையல்கட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய்: “அந்தப் பொட்டி தப்பே பண்ணாதும்மா. ஆனா எதிர்ல கீறவன் மூஞ்சிய அது பாக்காது.” அந்த வார்த்தையை மறந்துவிடாதே. கடைசியில் மறுபடி அதற்கு வருகிறேன்.

டெரிக்கை நீ வீட்டுக்குக் கூட்டிவந்தது அதற்கு அப்புறம். வில்லிவாக்கத்து ஆங்கிலோ இந்தியன், உன்னைவிடப் பத்து வயது பெரியவன், தோளில் கித்தார், வாய் நிறைய நம்ம பாஷை. அவன் அப்பா ரயில்வேயில் இருந்த காலத்தில் சேர்த்த இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் கறுப்பு மனிதர்கள் பாடிய பழைய பாட்டுகளைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று திரிந்தான். எல்லோரும் பெட்டிக்கும் கீபோர்டுக்கும் மாறுகிற நேரத்தில் இவன் மட்டும் ஊதுகிற ஆள், அடிக்கிற ஆள் என்று தேடினான். கல்யாண ஊர்வல பேண்டிலிருந்து இரண்டு பேரைப் பிடித்தான், ஒருவர் டிரம்பெட், ஒருவர் சாக்ஸபோன். பாடியில் லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஒத்திகை. அங்கே எவ்வளவு சத்தம் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

“இன்னா பாட்டுப்பா அது?” என்று கேட்டேன்.

“சோல், ஆன்ட்டி. சோல்னா ஆத்மா.”

“இன்னொண்ணு சொல்றானே இவன், ஃபங்க்குன்னு?”

டெரிக் தலையைச் சொறிந்தான். நீ தோசையைப் பிட்டுக்கொண்டே, “வேர்வ நாத்தம்னு வெச்சுக்கோம்மா” என்றாய்.

“ஆத்மாவும் வேர்வையுமா? அப்ப நம்ம கூழ் ஊத்துற திருவிழாவேதான்” என்றேன். டெரிக் அதைப் போஸ்டரில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். உன் அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “அமெரிக்காகாரனே மறந்துட்ட பாட்ட இவனுங்க கொரட்டூர்ல தூசி தட்றானுங்க. ஐ.டி.ஐ. முட்ச்சவனுக்குத் தட்றதுக்கு இரும்பா இல்ல?”

நான் விளையாட்டாகச் சொன்னது அவ்வளவு சரியாகப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் ஆடி வெள்ளிக்கிழமை மவுண்ட் ரோடு பக்கத்து ஓட்டலில் உங்கள் நிகழ்ச்சி. பம்பாயிலிருந்து ஆள் எடுக்க ஒருவர் வருகிறார், குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், நான் வந்தே தீர வேண்டும் என்றாய். உனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் காப்பு, எனக்குக் கட்டியாயிற்று. காப்பு கட்டியவள் திருவிழா முடிந்து கயிறு அவிழ்க்கிற வரையில் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பூசாரியைப் போய்க் கேட்டேன். “எல்லைன்னா இன்னாம்மா இப்போ? அந்தாண்ட பாடி, இந்தாண்ட அம்பத்தூரு, நடுவுல ஊடு ஊடா கட்டிக்கினு போய்ட்டானுங்க. எல்லைக்கல்லு எவன் ஊட்டு அஸ்திவாரத்துல கீதோ! போய்ட்டுப் பொழுதோட வந்துடு” என்று சிரித்தார். எல்லாவற்றையும் இரண்டு முறை கூட்டிப் பார்க்கிற நான் அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். வர ஆசை இருந்தது, அதனால். கன்னியம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறிவிட்டேன்.

அந்த ஓட்டலில் ஏ.சி. குளிர் உள்ளங்காலில் ஏறியபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கன்னியம்மா தண்ணீரில் மிதந்த ஐஸ் கட்டியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு எனக்குப் புரியவில்லை, ஆனால் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கால் பெரிய ட்ரம்மை மிதிக்க, இன்னொரு கால் ஜால்ராவை மூடித் திறக்க, இரண்டு கையும் இரண்டு பக்கம். வீட்டில் செருப்பைக்கூட ஒழுங்காக விடத் தெரியாத பிள்ளை நான்கு திசையையும் கட்டி வைத்திருக்கிறான் என்று பெருமையாக இருந்தது. கடைசிப் பாட்டு நீண்டுகொண்டே போனது. ஒரே துண்டு, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் முதல் அடியில் வந்து விழுந்தீர்கள். “ஒண்ணுல வந்து சேரு மேன், மீதி எங்க வேணா சுத்து” என்று டெரிக் கொட்டகையில் கத்துவான் என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்த ஒன்றில் என் கால் விழுந்தது. மேசைகளை எண்ணினேன். விளக்குகளை எண்ணினேன். அவ்வளவுதான்.

மீதி கன்னியம்மா சொன்னது. நான் எழுந்து மேசைகளுக்கு நடுவே போனேனாம். கொண்டை அவிழ்ந்துவிட்டதாம். எல்லோரும் நான் டான்ஸ் ஆடுகிறேன் என்று நினைத்து வட்டம் கட்டிக் கைதட்டினார்களாம். விளக்குக்காரன் வெளிச்சத்தை என்மேல் திருப்பினானாம். பம்பாய்க்காரர் எழுந்து நின்று கைதட்டினாராம். டெரிக்குக்குக் கொண்டாட்டம், இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று உன்னைப் பார்த்துக் கையால் காட்டினானாம். கன்னியம்மா மட்டும்தான் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு அவள் செய்தது என்ன? வட்டத்துக்குள் புகுந்து கும்பிட்டு, “எம் பொண்ணுக்கு எப்போ ஆத்தா கல்யாணம்?” என்று கேட்டாளாம்! தையில் என்று நான் சொன்னேனாம். தையில் நடந்தது. அது வேறு கதை.

நீ என்னைப் பார்த்தாய். நிறுத்தினால் விழுவேன், ஏற்றினால் இன்னும் போவேன் என்று உன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஊதுகிறவர்கள் மூச்சை இழுத்து நிற்க, பாட்டு வெடிக்க வேண்டிய அந்த இடத்தில், நீ தணிக்க ஆரம்பித்தாய். டெரிக் திரும்பி முறைத்தான். கித்தார் ஒரு பக்கம் இழுத்தது, நீ ஒரு பக்கம் இறக்கினாய். ஊதுகிறவர்கள் வழி தெரியாமல் நின்றுபோனார்கள். ஒவ்வொருவராக விட்டுவிட, கடைசியில் உன் குச்சி ட்ரம்மின் விளிம்பில் தட்டுவது மட்டும் கேட்டது. எனக்குப் படி கிடைத்தது. நான் கண் திறந்தபோது நல்ல உடை உடுத்திய மனிதர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்க, கன்னியம்மா ஐஸ் தண்ணீரை என் முகத்தில் தெளித்துக்கொண்டிருந்தாள்.

பின்வாசலில் நடந்த சண்டை எனக்குக் காதில் விழுந்தது. காதில் விழவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

“இன்னா மேன் பண்ணே? பாட்டையே சாவட்ச்சிட்டே! அந்தாளு எய்ந்து நின்னு கை தட்டிக்கினு இருந்தான்!”

“எங்கம்மாடா அது.”

“தெரியும் மேன்! சோக்கா ஆடினு இருந்தாங்களே!”

“ஆடல டெரிக். அவங்க அங்க இல்ல.”

எட்டிப் பார்த்தேன். டெரிக் சிலுவை போட்டுக்கொண்டான். “மொதல்லியே சொல்லக்கூடாதா மேன்? நான் வேற ஏத்து ஏத்துன்னேனே” என்றான். நல்லவன். பம்பாய்க்காரர் மட்டும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். அவர் மறுபடி கூப்பிட இந்த வருஷம் சித்திரை ஆயிற்று. அதுவும் முதலில் மூன்று மாதம் பார்க்கலாம் என்றுதான்.

அன்று ரயிலில் திரும்பும்போது நீ எதிரில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாய். அதிலிருந்து உன் கண் என் முகத்துக்கு வருவதே இல்லை, காலோடு நின்றுவிடுகிறது. அது மட்டுமா? நீ பம்பாய் கிளம்புவதற்கு முன்னால் டெரிக் என்னிடம் தனியாக வந்து, “அவன் ஏத்தவே பயப்படறான் ஆன்ட்டி. பாட்டு மேல போவ சொல்ல கைய இழுத்துக்கிறான். ஜனம் எய்ந்து ஆடினா அவனுக்கு வேர்க்குது” என்றான். நான் இதை உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். என் பிள்ளைக்குக் கிடைத்த ஒரு வரத்தில் நானே ஒரு முடிச்சாகிவிட்டேனே என்று. இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்தாயிற்று. ஒருமுறை பால், ஒருமுறை தண்ணி லாரி, ஒருமுறை எதற்கென்றே தெரியவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றதும் உன் அப்பா என்னிடம், “நீ ஊட்லயே குந்து, கூழ அங்க அனுப்பிக்கலாம்” என்றார். இருந்திருக்கலாம். பம்பை கேட்டதும் கால் இருக்கவில்லை. பூவிருந்தவல்லிப் பக்கத்துச் செட்டு, இளம் பிள்ளைகள், நன்றாகத்தான் வாசித்தார்கள். வந்தது. அவர்களுக்கும் ஆட்டோ வந்தது. நிறுத்திவிட்டார்கள். “பாபு இல்லியே! ஐயோ, பாபு இல்லியே!” என்று கன்னியம்மா மார்பில் அடித்துக்கொண்டாளாம். அப்போது யார் அண்டா மூடியைத் தூக்கியது தெரியுமா? உன் அப்பா. தாளம் என்றால் எந்தப் பக்கம் என்று தெரியாத மனிதர், ஆணி அடிக்கிற மாதிரி மூடியைப் போட்டு அடித்தாராம். “அண்ணாத்தே, நிறுத்து! நீ அடிக்கிற அடில ஆத்தா தெருவையே கொளுத்திடுவா!” என்று கன்னியம்மா கத்த, அந்தக் கலவரத்திலும் பெண்கள் சிரித்துவிட்டார்களாம். ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். லேத்து, இரும்பு என்று அவர் பேசுவதையெல்லாம் கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

நான் விழவில்லை, பாபு. எனக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று சொன்னேன் அல்லவா, இந்த முறை இருக்கிறது. வெளியே தடதடவென்று தப்பான அடி. அதற்கு அடியில், தரையில், ஓர் அடி. அது நீ அடிக்கிற அடி. யார் அடிக்கிறார்கள் என்று தேடினேன். என் குதிகால். கல் தரையில் என் காலே விழுந்து, என் காலே தணிந்து, நீ எந்த இடத்தில் மூச்சு விட்டு அடுத்ததை இறக்குவாயோ அதே இடத்தில் நின்று, இறங்கிக்கொண்டிருந்தது. தரை வந்தது. கண் திறந்தேன். உன் அப்பா இன்னும் மூடியை அடித்துக்கொண்டிருந்தார். “போதும், எறங்கிட்டேன்” என்று நானே சொன்னேன். “உன் காலே அட்ச்சிக்கினு எறங்கிச்சுக்கா” என்று கன்னியம்மா என் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

உடனே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, ஏனென்றால் எனக்குள் ஒரு கலக்கம். என்னை ஆட்டுவது அம்மன் என்று நம்பி வாழ்ந்தவள் நான். ஓட்டலில் உன் பாட்டுக்கும் வந்தது. இப்போது உன் அடி என் காலில் இருந்து என்னை இறக்கியது. அப்படியானால் வந்தது சாமியா, தாளமா? செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் அம்மன் எதிரில் நின்று நேராகவே கேட்டேன். வேப்ப எண்ணெய் விளக்கு எரிந்தது, ரயில் ஒன்று போனது. என் வாழ்க்கையில் நேராக வராத கணக்கு இது ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். நீ எனக்காக அதை நேராக்கித் தர வேண்டாம். அது எனக்கும் அவளுக்கும் நடுவில்.

உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். அந்தப் பெட்டி எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்காது என்று சொன்னாயே, நீ பார்க்கிறவன். அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் பார்க்கிறவன் பயந்துகொண்டு பார்க்கக்கூடாது. ஏற்று. கையை இழுத்துக்கொள்ளாதே. அந்த ஓட்டலில் நாள் முழுக்க அலுவலகத்தில் குனிந்து எழுதிவிட்டு வருகிறவர்கள், வீட்டில் யாரோடும் பேசாதவர்கள், என்னைப் போல எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஒரு நாழிகை எண்ணிக்கை மறக்கட்டும். ஆனால் ஏற்றியவனே இறக்கிவிட்டு வர வேண்டும். ஆட்டோ நிற்கிறது என்று பாதியில் எழுந்து போகாதே. எந்தக் கூட்டத்திலும் கடைசிப் பாட்டை ஒரேயடியாக வெட்டாதே. தணித்து, அவரவர் காலை அவரவர் தரையில் வைத்துவிட்டுக் குச்சியைக் கீழே வை. இது உன் அமெரிக்கக்காரர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. டெரிக்கிடம் நான் சொன்னதாகச் சொல். கேட்பான். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே கிடைக்கிறதைக் குடிக்காதே என்று சொன்னால் சிரிப்பாய். சிரித்துக்கொண்டே குடிக்காமல் இரு.

கன்னியம்மா வந்து நிற்கிறாள். “பையன் வரானா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல” என்கிறாள். உன் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “வரச் சொல்லி எழுதிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “அடுத்த வருஷம் நான் கொஞ்சம் ஒயுங்கா அடிக்கக் கத்துக்கிறேன்னு எய்து” என்றார். எழுதிவிட்டேன்.

கயிற்றுக்கு வருகிறேன். அனுப்பவில்லை. காப்பு கட்டியவன் எல்லை தாண்டக்கூடாது. போன வருஷம் நான் அதைச் சிரித்துத் தள்ளினேன், இந்த வருஷம் தள்ள மாட்டேன். உனக்குத் தாண்ட வேண்டிய எல்லை இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிற வழியில் கயிற்றைக் கோயில் வேப்பமரத்திலேயே கட்டிவிட்டுப் போகிறேன், அது அங்கேயே இருந்து காயட்டும். உன் கை வெறுமையாக இருக்கட்டும். அந்த வெறுங்கையால் கையெழுத்துப் போடு.

உன் அறையைப் பெருக்கியது பெருக்கியதுதான். லீவுக்கு வந்து படுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா